ஒரு சொட்டும் ஒழுகாது

கத்தி பூசணிக்காய்க்குள் பாதி இறங்கியதும் நின்றுவிட்டது. அதற்கு மேல் உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

பொதிகட்டும் பிரிவின் மேற்பார்வையாளர் இரு கைகளாலும் கத்தியின் பிடியை உயர்த்தினார். கத்தியோடு சேர்ந்து மூன்று கிலோ மஞ்சள் பூசணியும் உயர்ந்தது. போர்க்களத்திலிருந்து திரும்பும் தளபதியின் தோரணையில் அவர் சமையலறை நடுவே நின்றுகொண்டிருந்தபோது மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நான் வெட்டித் தரட்டுமாங்க?"

"வேண்டாம். வேற யார் கையும் படக்கூடாது. நாளைக்கு நான் தலை நிமிர்ந்து சொல்லணும்."

"நாளைக்கு நிமிருங்க. இப்போ கொஞ்சம் குனிஞ்சு, கால்ல போட்டுக்காம பாத்துக்கோங்க."

அவருடைய வீராப்புக்குக் காரணம் உண்டு. அவர் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் பித்தளைத் தண்ணீர்க் குழாய்கள் செய்கிறார்கள். குழாய் ஒழுகுகிறது என்று வாரம் தவறாமல் கடிதம் வரும். ஆனால் பெட்டி பிரிந்தது, மூலை நசுங்கியது என்று இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு வரிகூட வந்ததில்லை. சக ஊழியர்கள் அவருக்கு 'முடிச்சு' என்று பெயர் வைத்தார்கள். கேலியாக வைத்த பெயரை அவர் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பட்டத்தில் ஒரே ஒரு கறை படிந்திருந்தது. பிரிவுத் தலைவர்கள் தாமே சமைத்துக் கொண்டுவரும் வருடாந்திர மதிய விருந்தில், சென்ற ஆண்டு அவர் கொண்டுபோன சூப் பாத்திரத்தின் விளிம்பு வழியே கசிந்து, மேசையின் சரிவைக் கண்டுபிடித்து, மேலாளரின் மடியில் போய்ச் சேர்ந்தது. குழாய் ஒழுகுகிறதா என்று பார்க்கும் சோதனைப் பிரிவின் தலைவர் அன்று சொன்ன வார்த்தை ஓராண்டாகியும் ஆறவில்லை.

"முடிச்சு கட்டினதே ஒழுகுது. பாவம், நம்ம குழாய் என்ன பண்ணும்?"

எனவே இந்த ஆண்டு, நன்கு ஆராய்ந்தபின், அவர் தேர்ந்தெடுத்தது வாட்டிய பூசணி வைத்த காய்கறி ரோல். பூசணி திடப்பொருள். சுற்றுவதோ தம் தொழில். இதில் தோல்விக்கு இடமெங்கே என்று அவருக்குத் தோன்றியது.

பூசணியைக் கத்தியோடு சேர்த்துத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். அது பிளந்தது, தரையில் பதித்த ஓர் ஓடும் சேர்ந்து பிளந்தது. துண்டுகளில் எண்ணெயும் உப்பும் மிளகும் புரட்டி மின்னடுப்பில் வைத்தார். எடுத்துப் பார்த்தால் தட்டில் நீர் கோத்திருந்தது. நீரைக் கண்டதும் அவருக்குச் சென்ற ஆண்டு நினைவுக்கு வந்துவிட்டது. வெப்பத்தை முழுமையாகத் திருகி மறுபடியும் உள்ளே தள்ளினார். இம்முறை நீர் இல்லை. ஆனால் துண்டுகள் மரச்சில்லுபோல் விறைத்து, சுற்றிய ரொட்டியைக் குத்திக் கிழித்தன. அவற்றை இளக்கத் தயிர் சேர்த்தார். தயிர் கிழிசல் வழியே வெளியே வந்தது. கிழிசலை மறைக்க இரண்டாவது ரொட்டி சுற்றினார். இரண்டு ரொட்டியின் கனத்தில் ரோல் தானாகவே விரிந்து, பாய்போல் மேசையில் படுத்துக்கொண்டது.

கல்லூரியில் படிக்கும் மகள் வந்து பார்த்தாள்.

"அப்பா, இதைத் தொட்டியில ஊறவிட்டுட்டீங்களா?"

"போய் என் பையில இருக்கிற நூல்கண்டை எடுத்துட்டு வா."

அதன்பின் அவருடைய கைகளே பொறுப்பை ஏற்றுக்கொண்டன. எஞ்சியிருந்த பாதிப் பூசணியை மிதமான சூட்டில் புதிதாக வாட்டி, ஆறவிட்டு, தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்து, கீரை இலைகளை ரொட்டியின்மேல் வரிசையாய்ப் பரப்பி, அதன்மேல் பூசணியை வைத்தார். முனைகளை உள்மடித்தார். இறுக்கிச் சுற்றினார். மெழுகுத்தாள், நூல், அதன்மேல் இன்னொரு தாள். முடிந்ததும் ஒவ்வொன்றையும் வெள்ளைக் காகிதத்தின் மேல் தலைகீழாகப் பிடித்து நூறு எண்ணினார். பிறகு நாற்காலி உயரத்திலிருந்து கீழே போட்டார்.

"சாப்பாட்டை எதுக்குப்பா கீழே போடறீங்க?"

"லாரி பள்ளத்துல இறங்கினா இப்படித்தான் விழும்."

"இதைச் சாப்பிடப் போறாங்களா, கூரியர்ல அனுப்பப் போறாங்களா?"

காகிதத்தில் ஒரு சொட்டுக் கறையில்லை. அவர் அதை மனைவியிடம் கொண்டுபோய், மதிப்பெண் பட்டியலைக் காட்டும் மாணவனைப்போல் நீட்டினார். பன்னிரண்டு ரோல்கள். பன்னிரண்டு குழாய்களுக்கான அட்டைப்பெட்டியில் அவை அளவெடுத்ததுபோல் அமர்ந்தன. இடுக்குகளில் காகிதச் சுருள், மேலே ஒட்டுநாடா, குறுக்கும் நெடுக்கும் பட்டை, பக்கவாட்டில், கைப்பழக்கத்தில், மேல்நோக்கிய அம்பு.

"இதை எப்படிங்க திறக்கறது?" என்றாள் மனைவி.

"திறக்கறது வாங்கறவங்க கவலை."

மறுநாள் காலை, வெயில் படாத குளிர்ந்த இடம் வேண்டுமே என்று, பெட்டியைத் தம் பிரிவின் சிமென்ட் தரையில், லாரிக்குக் காத்திருந்த ஒன்பது பெட்டிகளின் அருகே வைத்தார். சுமையேற்றும் தொழிலாளியிடம், "ஒன்பதுதான், எண்ணி ஏத்து" என்று சொல்லிவிட்டு, விருந்து மேசை சரிவில்லாமல் இருக்கிறதா என்று ரசமட்டத்தோடு போனார். மதியம் திரும்பியபோது ஒரே ஒரு பெட்டி எஞ்சியிருந்தது. தூக்கினார். நேற்றைவிடக் கனமாகத் தோன்றியது. உழைப்புக்கும் எடை உண்டு என்று நினைத்துக்கொண்டார்.

மேசையில் பெட்டியை வைத்ததும் சோதனைப் பிரிவின் தலைவர் தம் நாற்காலியை மூன்றடி பின்னுக்கு நகர்த்தினார்.

"முன்னெச்சரிக்கைதான். துணி இப்பத்தான் துவைச்சது."

"ஒரு சொட்டும் ஒழுகாது. கவிழ்த்து வேணும்னாலும் பாருங்க."

மேலாளரே பெட்டியைத் திறந்தார். ஏழு நிமிடம் ஆயிற்று. பட்டை அறுந்தது, நாடா உரிந்தது, காகிதச் சுருள் விலகியது. உள்ளே பன்னிரண்டு பித்தளைக் குழாய்கள் இரண்டு வரிசையாகப் படுத்து மின்னின.

மேலாளர் பெட்டிக்குள் இன்னொரு முறை கையை விட்டுத் துழாவினார். பிறகு சோதனைப் பிரிவின் தலைவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"பூசணி நல்லாப் பொன்னிறமா வந்திருக்கு. பல்லுதான் கொஞ்சம் உறுதியா இருக்கணும்."

சிரிப்பு சுவரில் மோதித் திரும்பியது. வாசலில் நின்ற சுமையேற்றும் தொழிலாளியை மேற்பார்வையாளர் பார்த்தார்.

"அண்ணே, நீங்க ஒன்பது சொன்னீங்க, ஒன்பது ஏத்தினேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்துச்சு. உங்க கட்டுல வித்தியாசமே தெரியாதே."

வாழ்நாளில் அவர் கேட்ட மிகச்சிறந்த பாராட்டு, மிக மோசமான வேளையில் வந்து சேர்ந்தது.

"லாரி எங்கே போச்சு?" என்றார் மேலாளர். பக்கத்து ஊர் இரும்புக்கடைக்கு என்று தெரிந்ததும் அவர் முகம் வாடியது. வாரம் தவறாமல் கடிதம் எழுதுபவர் அந்தக் கடைக்காரர்தான். தொழிற்சாலையிலிருந்து அதிகமாக வாங்குபவரும் அவர்தான்.

"போச்சு. குழாய் ஒழுகுதுன்னு திட்டறவருக்குப் பூசணிக்காய் அனுப்பியிருக்கோம். இதோட நம்மளை விட்டுட்டுப் போயிடுவார்."

மேற்பார்வையாளர் குனிந்து, அறுந்து கிடந்த பட்டையை விரலில் சுற்றத் தொடங்கினார். இருபத்திரண்டு ஆண்டுகள் அந்தச் சுருளுக்குள் அடங்கிவிட்டதாக அவருக்குத் தோன்றியது. அப்போது வரவேற்பறைத் தொலைபேசியைக் கவனிக்கும் பெண் வேகமாக உள்ளே வந்தாள்.

"சார், இரும்புக்கடைக்காரர் லைன்ல இருக்கார்."

"ரொம்பத் திட்டறாராம்மா?" என்றார் மேலாளர்.

"இல்ல சார், கடையில எல்லாரும் ஆளுக்கொண்ணு சாப்பிட்டாங்களாம், பதினோரு வருஷத்துல நாம அனுப்பின சரக்குல ஒழுகாதது இது ஒண்ணுதானாம், சோதனைப் பிரிவுக்குத் தன் பாராட்டைச் சொல்லிட்டு, இதே மாதிரி இன்னும் நாலு பெட்டி அனுப்பச் சொல்றார்."