குளியலறையில் ஆறு நோயாளிகள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே மனிதர்கள் இருவரும் சுகம். வேலைக்காகப் போன ஊரில் நீங்களும் என் மகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள். குளிப்பதற்கு உங்களுக்குக் குளியலறை இருக்கிறதே.

ஓடையில் முட்டளவு தண்ணீரில் நின்று பிடித்த ஆறு மீன்களையும், "புது மீனுங்க மாமா, என்னென்ன நோயோட வந்திருக்கோ, மூணு வாரம் தனியா வச்சு வைத்தியம் பண்ணணும்" என்று சொல்லி எங்கள் குளியலறையில் ஒரு கண்ணாடித் தொட்டியில் குடிவைத்துவிட்டுப் போனீர்கள். போகிறவர் சும்மா போகக் கூடாதா? ஆறில் ஒன்றுதான் பெண், அதற்கும் வயிற்றில் புழு, அது போய்விட்டால் குஞ்சுக்கு வழியில்லை, இரண்டு மாத அலைச்சலும் வீண் என்று என்னைப் பயமுறுத்திவிட்டுப் போனீர்கள்.

நீங்கள் எழுதிவைத்துவிட்டுப் போன வைத்தியச் சீட்டில் "பத்து லிட்டருக்கு ஒரு ஸ்பூன் உப்பு" என்றிருந்தது. எந்த ஸ்பூன் மாப்பிள்ளை? முப்பத்திரண்டு வருஷம் கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சோதித்த ஆய்வாளரிடம் ஸ்பூன் கணக்கா? வீட்டிலிருக்கும் நான்கு ஸ்பூனையும் நிறுத்துப் பார்த்தேன், நான்கும் நான்கு விதம். தொட்டி அறுபது லிட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அது வெளி அளவு. கண்ணாடிக் கனமும் மேலே விட்ட இடைவெளியும் போக நாற்பத்தெட்டுதான். ஒரு எண்ணெய்க் கடைக்காரர் இப்படி எழுதியிருந்தால் கடைக்குச் சீல் வைத்திருப்பேன். மாப்பிள்ளையாகப் போய்விட்டீர்கள்.

சோப்பு நுரை பட்டால் மீனுக்கு ஆகாது என்பதால் நாங்கள் இருவரும் துண்டும் கையுமாக மாடி வீட்டுக்குப் போய்க் குளிக்கிறோம். பூச்சி மருந்து கலந்த தீனியை அந்த ஒல்லிப் பெண்ணுக்கு நான் ஊட்டுவதைப் பார்த்து உங்கள் மாமியார், "பெத்த பொண்ணுக்கு ஒரு நாள் பூச்சி மருந்து குடுத்திருப்பீங்களா நீங்க?" என்று கேட்டாள். நான் காதில் வாங்கவில்லை. அந்த மீனோ வாயில் வாங்கித் துப்பியது. ஆறு நாள் துப்பியது.

இதற்கு நடுவில் பெரிய ஆண் மீனின் மூக்கில் வெள்ளைப் புள்ளிகள். நான் போட்ட உப்புதான் ஒட்டிக்கொண்டதோ என்று ஒரு கணம் ஆடிப்போய்விட்டேன். சீட்டைப் பார்த்தால் வெள்ளைப்புள்ளி நோய், ஒட்டுண்ணி, எல்லோருக்கும் பரவும் என்றிருக்கிறது. உடனே அவனைப் பிடித்து வாளியில் தனியாக அடைத்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, பூதக்கண்ணாடி வைத்துத் தினமும் புள்ளிகளை எண்ணினேன். பதினொன்று பதினாலாகியது. போதுமடா சாமி என்று மீன் கடைக்காரரைக் கையோடு கூட்டிவந்தேன். மனுஷன் வாளியை எட்டிப் பார்த்தார், அப்படியே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"ஐயா, நோயா இருந்தா துடுப்பு, வாலு எல்லா எடத்துலயும் வரும். இவனுக்கு மூக்குல மட்டும்தானே இருக்கு? இந்த ஜாதியில ஆம்பளைக்குப் பருவம் வந்தா இப்படித்தான் முளைக்கும். பொண்ணு பாக்க ரெடியா நிக்கிறவனைப் புடிச்சு வாளியில அடைச்சிட்டீங்களே!"

அவனைத் திரும்பவும் தொட்டியில் விட்டாயிற்று. முகத்தைத்தான் இன்னும் என் பக்கம் திருப்பமாட்டேன் என்கிறான். ஏழாம் நாள் அந்தப் பெண் தீனியை விழுங்கியது. இப்போது வயிறு சரியாகி ஓடியாடுகிறது. இதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை, ஒப்படைத்த பொருளைக் காப்பாற்றினேன், அவ்வளவே. மீன் வேறு, நான் வேறு. ஞாயிற்றுக்கிழமை வாளியோடு வந்து ஆறையும் தூக்கிக்கொண்டு போகவும். இனி என் வீட்டு வாசலுக்கு ஒரு நத்தையைக்கூடக் கொண்டுவர வேண்டாம்.

இருவரும் நோய்நொடியில்லாமல் நீடூழி வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு: மாப்பிள்ளை, இது அத்தை எழுதறேன். தபால்ல போடச் சொல்லிக் குடுத்தார், பிரிச்சுப் படிச்சிட்டேன். அந்த ஒல்லி மீன் முழுங்கின அன்னிக்கு இவர் குளியலறைக் கதவைச் சாத்திக்கிட்டு அழுதார். வேலையிலேர்ந்து ரிடையர் ஆகி வீட்டுக்கு வந்த ஆறு மாசமா எங்கிட்டகூட நாலு வார்த்தை பேசாதவர், இப்ப காலையில எழுந்ததும் அதுங்களோடதான் பேச்சு, அப்புறம் அதுங்களைப் பத்தி எங்கிட்ட பேச்சு. மாடியில குளிக்கிறதெல்லாம் எனக்குப் பழகிப்போச்சு. அதனால ஞாயித்துக்கிழமை வாளி வேண்டாம். வர்ற வழியில ஓடையில இறங்கி, நல்ல சீக்காளியா இன்னும் ரெண்டு புடிச்சிட்டு வாங்க.