இருபதாவது துணி

எண்ணாமல் இருக்க எனக்குத் தெரியாது. பஸ்ஸில் ஏறினால் ஜன்னல்களை எண்ணுவேன். சாவு வீட்டுக்குப் போனால் மாலைகளை எண்ணுவேன். (எங்கள் கல்யாணத்தில் தாலி முடிச்சுகளை நான் உரக்க எண்ணியதாக என் மனைவி மீனாட்சி சொல்வாள். பொய். மெதுவாகத்தான் எண்ணினேன்.) இந்தப் பழக்கத்தால் ஒருமுறை, என் முதுகு திறந்து கிடக்கையில், ஒரு ஆபரேஷனையே நிறுத்திவைத்தேன்.

மட்டாஞ்சேரி பஜாரில் ஓர் அரிசிக் கிடங்கில் எனக்கு மூட்டை எண்ணும் வேலை. சுமட்டுக்காரர்கள் மூட்டையோடு என்னைத் தாண்டிப் போவார்கள். பத்து மூட்டைக்கு ஒரு குச்சி என் இடது கைக்குள் போகும். லோடு முடியும்வரை அந்தக் கையைத் திறக்கக் கூடாது. சாயா வந்தாலும் கொசு கடித்தாலும் வலது கைதான். இருபத்திரண்டு வருஷத்தில் என் இடது கை, எதைக் கொடுத்தாலும் தானாக மூடிக்கொள்ளப் பழகிவிட்டது.

எண்பதுகளின் நடுவில், நாற்பத்தெட்டு வயதில், கீழ்முதுகு எலும்பு தேய்ந்துபோனது. கிடங்கிலிருந்து படகுத்துறைக்கு என் காலடியில் நானூற்றுப் பன்னிரண்டு. அதற்குள் ஆறு இடத்தில் உட்காருவேன். நிமிர்ந்து நடந்தால் கால் இரண்டும் எரிந்து மரத்துப்போகும்; ஒரு சைக்கிளைப் பிடித்துக் குனிந்து தள்ளினால் வலியில்லை. எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது. தள்ளுவதற்காகவே ஒன்று வாங்கினேன்.

எர்ணாகுளத்தில் ஒரு டாக்டர், முதுகில் மருந்து செலுத்திப் படம் எடுத்துப் பார்த்தார். “தேஞ்ச எலும்பு கண்டபடி வளர்ந்து, நரம்பு போற வழியை நெருக்குது. பின்னால கொஞ்சம் எலும்பை எடுத்து வழியை அகலமாக்கணும். இன்னும் விட்டா, காலுல பலம் போயிடும்” என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் படகில் மீனாட்சி எச்சரித்தாள்: “அங்க போயி எண்ண ஆரம்பிச்சிடாதீங்க. அவரு பாட்டுக்கு அறுக்கட்டும்.”

முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரக்கவைத்து, குப்புறப் படுக்கவைத்தார்கள். நினைவு இருந்தது. (அவர்கள் செய்த ஒரே தவறு அதுதான்.) பின்னால் ஒரு சிஸ்டர் ரத்தம் ஒற்றும் துணிகளை எண்ணினார். கூடவே நானும் மனசுக்குள் எண்ணினேன். இருபது. பயத்தில் வியர்த்து, கண்ணில் இறங்கி எரிந்தது. முனகினேன். தலைமாட்டில் நின்ற திரேசியா சிஸ்டர், இடக்கொச்சிக்காரர், ஒரு துணியை என் இடது கையில் வைத்தார்.

“பயப்பட வேண்டா சேட்டா. நான் இங்கதானே உண்டு.”

துடைத்துக்கொண்டேன்.

ஒன்றேமுக்கால் மணி நேரம் தட்டலும் கொத்தலும். தச்சுப்பட்டறையில் பலகையாகக் கிடப்பதுபோல் இருந்தது. கடைசியில் டாக்டர், “வழி திறந்தாச்சு, நரம்பு நல்லா இருக்கு” என்றார். எனக்கு அழுகை வந்தது. அப்போது மறுபடி எண்ணும் சத்தம்.

“…பதினெட்டு, பத்தொம்பது.”

இன்னொருமுறை எண்ணினார்கள். பத்தொம்பது.

“இருபது!” என்று கத்தினேன். “தொடங்கும்போது இருபது! தைக்காதீங்க டாக்டர், ஒண்ணு உள்ள கிடக்கு!”

“யாரு அது?”

“பேஷண்ட்தான், டாக்டர்.”

டாக்டர் கோபப்படவில்லை. “அவரு சொல்றது சரிதான். தேடுங்க” என்றார். வாளியைக் கவிழ்த்தார்கள். தரையில் தவழ்ந்தார்கள். அவரோ திறந்த முதுகுக்குள் அங்குலம் அங்குலமாகத் தேடினார். நான் சும்மா கிடந்தேனா? “எங்க கிடங்குல ஒரு மூட்டை குறைஞ்சா லாரி நகராது, தெரியுமா?” என்று உபதேசம் செய்தேன். உள்ளுக்குள் வேறு கணக்கு. துணி உள்ளேயே தங்கிச் சீழ் பிடித்தால், திறந்த வழியும் வீண், காலும் போச்சு. வெளியே பெஞ்சில் மீனாட்சி காத்திருக்கிறாள். இருபது நிமிஷம் ஆனது. கண்ணீர் முட்டியது. துடைக்க இடது கையைத் தூக்கினேன்.

“சேட்டா,” திரேசியா சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தார். “அந்தக் கையைத் திறங்க.”

“லோடு முடியலையே,” என்றேன். (சத்தியமாக அப்படித்தான் சொன்னேன்.)

அவரே என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கசங்கி, நனைந்து, இருபதாவது துணி. பாவம், அவசரத்தில் எண்ணிவைத்த துணிக்கட்டிலிருந்தே எடுத்துவிட்டாராம்.

பிறகு டாக்டர் கேட்டார்:

“இப்ப லாரி நகரலாமா சார்?”

பதினான்கு தையல். குப்புறக் கிடந்தவன் ஒருவனின் வார்த்தையை மதித்து, இருபது நிமிஷம் தன் முதுகு வலிக்கக் குனிந்து தேடிய மனிதர் அவர். தையல் பிரிக்கும்வரை, டியூட்டி முடிந்ததும் சாயாவோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் திரேசியா சிஸ்டர். வேலைக்குத் திரும்பிய முதல் நாள் நானூற்றுப் பன்னிரண்டு அடியையும் ஒரு தடவைகூட உட்காராமல், நிமிர்ந்து நடந்தேன். துறையில் நின்று அவர்கள் இருந்த கரையைப் பார்த்துக் கும்பிட்டேன். சைக்கிளை விற்றேன்.

எண்பதைத் தாண்டியும் நடக்கிறேன். ஆனால் வீட்டில் எது காணாமல் போனாலும் மீனாட்சி தேடுவதில்லை. “கையைத் திறங்க” என்பாள். போன வாரம் பீரோ சாவியைக் காணோம். அவள் வாய் திறக்குமுன்பே நான் கையை விரித்துக் காட்டினேன். வெறுங்கை.

“அது வலது கை” என்றாள்.