ஊதா மெஷினுக்கு ஒரு பரீட்சை

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், கையில் துடைப்பத்தோடு நின்றபடி, மின்விசிறிக் கம்பெனி சோதனைக்காரர் ஒரு சபதம் எடுத்தார். இந்த ஜென்மத்தில் இனி இதைத் தொடுவதில்லை! சபதத்தை மனசுக்குள்தான் எடுத்தார். அடுத்த அறையில் மனைவி இருந்தாள். அவளுக்குக் காது கூர்மை.

அவருடைய உத்தியோகத்தைச் சொல்லிவிடுகிறேன். கம்பெனியில் ஒவ்வொரு விசிறியையும் சுற்ற விட்டு, காதை வைத்துக் கேட்டு, 'தேறியது' அல்லது 'தேறவில்லை' என்று முத்திரை குத்தவேண்டும். குத்திக் குத்தி அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. டீ வந்தால் ஒரு வாய் குடித்துவிட்டு, "தேறல." சட்டைக்கு இஸ்திரி போட்டு வந்தால், "தேறல." மாமியார் போன் பண்ணினால், எடுப்பதற்கு முன்னாலேயே, "தேறல."

இப்படிப்பட்டவருக்கு வீட்டில் கிடைத்த பங்கு தரை. அடுப்பும் துணியும் மனைவிக்கு, பெருக்குவது இவருக்கு என்று கல்யாணமான புதிதில் ஆசையில் ஒத்துக்கொண்டது. ஆசை போய்விட்டது. தரை போகவில்லை. மனைவியோ வீட்டிலேயே துணி தைக்கிறவள். அவள் மெஷினை மிதித்தால் துணி ஒரு பக்கம் வரும், தரை முழுக்க நூல் வரும்.

அன்று மத்தியானமே அட்டைப்பெட்டியோடு வந்து நின்றார்.

"என்னங்க இது, ஆள் உயரத்துக்கு?"

"தூசி உறிஞ்சுற மெஷின். நிமிர்ந்து நின்னே தள்ளலாம். குனியவே வேண்டாம், இடுப்பு வலிக்கவே வலிக்காது."

"யாருக்கு?"

"தள்ளுறவங்களுக்கு."

"யாரு தள்ளுறது?"

இந்தக் கேள்வியை அவர் ஒரு தாண்டு தாண்டிவிட்டார். "அடியில பாரு, புற ஊதா வெளிச்சம்!"

"ஊதாதா? விசிறிக் கம்பெனியில வேலை பாத்துட்டு, ஊதாததைப் போய் வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

"ஊதாதுன்னு சொல்லல, ஊதா! கலரு! அதையும் தாண்டின வெளிச்சம். கிருமியைக் கொன்னுடும்."

"கிருமி கண்ணுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த வெளிச்சம்?"

"ஓரத்துல லேசாத் தெரியும். மத்தபடி தெரியாது."

"செத்த கிருமி?"

"அதுவும் தெரியாது."

"அப்போ கடைக்காரர் கண்ணுக்கு நீங்க ஒருத்தர்தான் பளிச்சுனு தெரிஞ்சிருக்கீங்க."

அவர் அசரவில்லை. குரலில் தேனைக் குழைத்தார். "எவ்வளவு லேசா இருக்கு பாரேன். நீயே ஒத்தைக் கையால தள்ளிடலாம். உனக்காகத்தான்மா வாங்கினேன். பிடிக்கலேன்னா அடுத்த ஞாயிறுக்குள்ள திருப்பி எடுத்துக்குவாங்க."

மனைவி ஊசியில் நூல் கோத்து முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள். "சரி. நீங்க சோதனைக்காரர். சோதிங்க. அந்த வெளிச்சம் கிருமியைக் கொல்லுதுன்னு நிரூபிச்சுட்டா, அன்னையிலேருந்து தரை என் பொறுப்பு. நிரூபிக்கலேன்னா, ஆயுசுக்கும் உங்க பொறுப்பு. சம்மதமா?"

'சோதிங்க' என்ற சொல் காதில் விழுந்ததுமே மனிதர் மயங்கிவிட்டார். "சம்மதம்!"

அந்த வாரம் அவர் பட்ட பாட்டைக் கேளுங்கள். வெளிச்சத்தை நேராகப் பார்க்கக்கூடாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அதனால் வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி. கிருமி சாக நேரம் கொடுக்கவேண்டும் என்றும் சொல்லியிருந்தார். அதனால் மெஷினை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். எதிர்வீட்டு அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள்.

"என்னக்கா, அண்ணனுக்குக் கண்ணு ஆபரேஷனா?"

"கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு. கிருமி வேட்டைக்குப் போறாரு."

"அதுக்கு ஏன் இவ்வளவு மெதுவாப் போறாரு?"

"வேகமாப் போனா கிருமி மயக்கம் மட்டும்தான் போடுமாம். பின்னாடி எழுந்து உக்காந்துக்குமாம்."

"சோபாவுக்கு அடியில பாத்தாச்சா?" என்பாள் மனைவி. அங்கே போவார். "கட்டிலுக்கு அடியில? கதவு மூலையில? நேர்மையான சோதனைன்னா ஓரவஞ்சனை கூடாதுங்க." அங்கேயும் போவார். உருளையில் சிக்கிய நூலைக் கத்தரியால் வெட்டி எடுப்பார். ஒருநாள் தூசிப் பையைத் தலைகீழாக மாட்டிவிட்டு சுவிட்சைப் போட்டார். அதுவரை சேர்ந்த குப்பையெல்லாம் அவர் முகத்தில் ஏறிக் குடியேறியது.

"ஊதாதுன்னீங்களே," என்றாள் மனைவி, "ஊதிடுச்சே!"

மறுபடி முழு வீட்டையும் சோதித்தார்.

கடைசியில் அவளே வழி சொன்னாள். இரண்டு ரொட்டித் துண்டுகளைக் கால்மிதியில் தேய்த்தாள். ஒன்றை வெளிச்சத்துக்கடியில் காட்டி ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டு, மூடிக்கு ஊதா நூல் கட்டினாள். காட்டாததை இன்னொரு ஜாடியில் போட்டு வெள்ளை நூல் கட்டினாள். "எது கெடுதோ அதுல கிருமி. சனிக்கிழமை எதிர்வீட்டம்மா வந்து தீர்ப்பு சொல்லட்டும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது," என்று இரண்டையும் அலமாரிக்குள் வைத்துச் சாத்தினாள்.

வெள்ளிக்கிழமை காலை, தைத்த துணியைக் கொடுக்க அவள் வெளியே போனாள். கதவு சாத்தின சத்தம் அடங்குவதற்குள் இவர் அலமாரியிலிருந்து எடுத்து ஜாடியைத் திறந்துவிட்டார்.

இரண்டையும் உற்றுப் பார்த்தார். வெள்ளை நூல் ரொட்டியில் ஒரு சின்ன மச்சம். ஊதா நூல் ரொட்டியில் தாடி! பச்சைப் பசேல் என்று, சீவி விட்ட மாதிரி தாடி! வெளிச்சம் கிருமியைக் கொல்லவில்லை. தாலாட்டிச் சோறூட்டி வளர்த்திருக்கிறது.

ஓடாத விசிறிக்கு ஒருநாளும் 'தேறியது' குத்தாத கை அது. அந்தக் கை ஜாடியை அப்படியே மூடப் போனது. மூலையில் துடைப்பம் தெரிந்தது. மூடப் போன கை நின்றுவிட்டது. கடைக்கு ஓடினார், புது ரொட்டி வாங்கினார், தாடிக்காரனைத் தெருமுனைக் குப்பைத்தொட்டியில் அடக்கம் செய்தார். புதுத் துண்டை உள்ளே போட்டு, ஊதா நூலை இறுக்கிக் கட்டி, சீட்டியடித்துக்கொண்டே வேலைக்குப் போனார்.

சனிக்கிழமை வந்தது. எதிர்வீட்டு அம்மா நாற்காலியில் நீதிபதி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். முத்திரைக் கட்டையும் மைப்பெட்டியும் மேஜைமேல் தயாராக இருந்தன. மெஷின் நெற்றியில் 'தேறியது' குத்துவதற்காகக் கம்பெனியிலிருந்து இவரே கொண்டுவந்தது.

முதலில் ஊதா நூல் ஜாடி.

"அடேயப்பா, இப்பத்தான் சுட்ட மாதிரி இருக்கே!" என்றாள் எதிர்வீட்டு அம்மா. அவர் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது.

அடுத்து வெள்ளை நூல் ஜாடி.

"இதுவும் இப்பத்தான் சுட்ட மாதிரி இருக்கே!"

"அதெப்படி?" என்று துள்ளினார் சோதனைக்காரர். "வெள்ளிக்கிழமை அதுல மச்சம் இருந்துச்சே!"

அவர் வாயைக் கையால் பொத்தினார். சொல் ஏற்கெனவே வெளியே போயிருந்தது.

"வெள்ளிக்கிழமை திறந்தீங்களா?" என்று மனைவி ரொம்பப் பிரியமாகக் கேட்டாள். "நான் போட்டது தையல் முடிச்சு. சாயங்காலம் வந்து பாத்தா செருப்புக் கயிறு மாதிரி ஒரு முடிச்சு தொங்குது. காலையில போறதுக்கு முன்னாடி ஜாடிக் கண்ணாடி வழியாப் பாத்தப்ப தாடியோட இருந்தவன், சாயங்காலம் மழமழன்னு க்ஷவரம் பண்ணிட்டு நிக்கிறான். அவனுக்கு மட்டும் அலங்காரமா? ஓரவஞ்சனை கூடாதேன்னு மச்சக்காரனையும் நான் மாத்திட்டேன்."

எதிர்வீட்டு அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"அப்போ... மெஷினைத் திருப்பிக் குடுத்துடவா?" என்றார் அவர். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

"எதுக்குங்க? வெளிச்சம்தான் தேறல. தூசியை நல்லாத்தானே இழுக்குது? அதுவும் நீங்க தள்ளுற பக்குவம் இருக்கே! ஒரு மூலை விடலியே! இந்த ஒரு வாரமா நம்ம வீடு எப்படி மின்னுது! கையை நீட்டுங்க."

ஏதோ சமாதானம் என்று நம்பிக் கையை நீட்டினார். அவள் கட்டையை மையில் ஒற்றி, உள்ளங்கை நடுவில் ஓங்கி ஒரு குத்து குத்தினாள்.

'தேறியது.'

தேறிய கையால் சுவிட்சைப் போட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கட்டிலுக்கடியில் போனார்.