அடைப்புக்குறிக்குள் இருந்த லெட்சுமிகள்

எதையும் படிக்காமல் 'ஓகே' சொல்வதில் ஈப்போவில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டு வாடகை ஒப்பந்தம், உடற்பயிற்சி நிலையப் படிவம் (மூணு நாள்தான் போனேன், அதை விடுங்க) எல்லாவற்றுக்கும் அப்படித்தான். அந்தத் திறமை உச்சத்தைத் தொட்டது என் தங்கை கவிதாவின் கல்யாண விருந்தில்.

நான் மென்பொருள் எழுதுபவள். அப்போதுதான் எங்கள் வேலைக்குள் ஏ.ஐ. ஏஜெண்டுகள் வந்திருந்தன. வேண்டியதைச் சொன்னால் முதலில் பிளான் போட்டுக் காட்டும். நாம் சரி என்றால் தானே நிரல் எழுதி, தானே சோதித்தும் பார்த்துவிடும். எனக்குத் தலைகால் புரியவில்லை. விருந்துக்கு மேசை ஒதுக்க நானே ஓர் ஆப் செய்யப்போவதாக வீட்டில் அறிவித்தேன். யாரும் செய்யச் சொல்லிக் கேட்கவில்லை.

அம்மா பிறந்து வளர்ந்தது சிலிம் ரிவர் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தோட்டம் இப்போது பாதி செம்பனை மரங்கள், பாதி தாமான் குடியிருப்பு வீடுகள். ஆனால் அம்மாவின் வயதுக்காரர்களில் அங்கே வீட்டுக்கு வீடு ஒரு லெட்சுமி உண்டு. அம்மா தந்த விருந்தினர் பட்டியலில் அவர்களுக்கு அடைப்புக்குறிக்குள் அடையாளம் இருந்தது: லெட்சுமி (பால்கொட்டகை), லெட்சுமி (ஆயாக்கொட்டகை), லெட்சுமி (டிரைவர் பொண்டாட்டி), லெட்சுமி (சண்டைக்காரி). இப்படி இன்னும் சிலர். (பால்கொட்டகை ரப்பர் பாலை நிறுத்து வாங்கும் இடம், ஆயாக்கொட்டகை வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகும் இடம்.) தொலைபேசி எண் மட்டும் எல்லாருக்கும் ஒன்றே. பஸ் ஏற்பாடு செய்த முனியாண்டி அண்ணனின் எண் அது. அப்பா இறந்தபோது கருமாதி வரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பைப் பார்த்துக்கொண்டவர்கள் இந்த லெட்சுமிகள்தாம். அவர்களில் ஒருவர் முகம் சுளித்தாலும் அம்மாவுக்கு அது கல்யாணமே இல்லை.

பட்டியலைக் கொடுத்ததும் ஏஜெண்ட் நீளமாக ஒரு பிளான் போட்டது. அதன் நடுவில் ஒரு கேள்வி: "பெயர்களில் அடைப்புக்குறிக்குள் தேவையற்ற குறிப்புகள் உள்ளன. நீக்கிவிடலாமா? பிறகு பெயரும் எண்ணும் ஒன்றாக இருப்பவர்களை ஒரே நபராக இணைத்து, உடன் வருவோர் எண்ணிக்கையைக் கூட்டிவிடலாமா?"

நான் ஒரு கையில் வடையுடன், மறு கையால் பிளானைக் கடகடவென்று உருட்டிக் கடைசிக்குப் போய் "ஓகே, செய்" என்றேன். எல்லாச் சோதனைகளிலும் ஆப் தேறிவிட்டது.

"லெட்சுமிங்க எல்லாம் இருக்காங்களாடி?" என்று அம்மா கேட்டார்.

தேடிப் பார்த்தேன். லெட்சுமி இருந்தார். "இருக்காங்கம்மா," என்றேன்.

விருந்தன்று மண்டப வாசலில் பட்டுப்புடவையும் டேப்லெட்டுமாக நின்றேன். சிலிம் ரிவர் பஸ் வந்தது. முதலில் இறங்கியவர் பால்கொட்டகை லெட்சுமி அத்தை. பெயரைத் தட்டினேன். நான்கு மேசைகள் காட்டியது. (அப்பவாவது சந்தேகம் வந்திருக்கணும். வரலையே!) பெரிய குடும்பம் போல என்று நினைத்து உள்ளே அனுப்பினேன்.

அடுத்து ஆயாக்கொட்டகை லெட்சுமி அத்தை. திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "அத்தை, நீங்க ஏற்கெனவே வந்துட்டீங்க," என்றேன்.

"நான் இப்பதான்லா பஸ்ஸ விட்டு எறங்குறேன்!"

"இல்ல அத்தை, சிஸ்டத்துல உள்ள போயிட்டீங்கன்னு இருக்கு."

"அப்ப இங்க நிக்கிறது யாரு, என் ஆவியா?"

அவருக்குப் பின்னால் இன்னொரு லெட்சுமி, அவருக்குப் பின்னால் இன்னொருவர். சண்டைக்காரி லெட்சுமி அத்தை பெயருக்கு ஏற்ப முன்னால் வந்தார். "நம்ம பேரு இல்லாத எடத்துல நமக்கு என்ன சாப்பாடு? முனியாண்டி, பஸ்ஸ திருப்பு, போலாம்!" என்றார். பஸ் உறுமியது. மாப்பிள்ளை வீட்டார் கழுத்தை நீட்டி வேடிக்கை பார்த்தார்கள். ஓடிவந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. நானோ டேப்லெட்டை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். செத்துவிடலாம் போல இருந்தது.

உள்ளே இன்னொரு கூத்து. நான்கு மேசைகளுக்கு நடுவே பால்கொட்டகை அத்தை தனியாக உட்கார்ந்திருக்க, பரிமாறுபவர்கள் நான்கு மேசையிலும் சாப்பாட்டை அடுக்கிவிட்டார்கள். அத்தை மிரண்டுபோய் வாசலுக்கு வந்தார். நடந்ததைக் கேட்டார். என் டேப்லெட்டைப் பிடுங்கிப் பார்த்தார்.

"இதுல நான் என் குடும்பத்தோட வந்திருக்கேன்னுதானே போட்டிருக்கு?"

"ஆமா அத்தை."

"அந்தக் குடும்பம் இவளுங்கதான்லா! ஏய், ஏறாதீங்கடி! அவ்ளோ சாப்பாட்ட நான் ஒருத்தியா திங்க முடியும்? வாங்க உள்ள!"

சண்டைக்காரி அத்தைதான் முதலில் சிரித்தார். பிறகு எல்லா லெட்சுமிகளும் பேரப்பிள்ளைகளோடு ஒரே குடும்பமாக உள்ளே போனார்கள். கூட்டல் சரியாகத்தான் இருந்திருக்கிறது, ஒரு நாற்காலிகூடக் குறையவில்லை. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே என் முதுகில் ஒன்று வைத்தார்.

மறுநாள் ஏஜெண்டிடம் கோபமாக எழுதினேன். "நீங்கள் சொல்வது முற்றிலும் சரி," என்று பணிவாகத் தொடங்கி, பிளானில் கேட்டிருந்ததையும் நான் 'ஓகே' சொன்னதையும் அதே பணிவோடு எடுத்துக்காட்டியது. இப்போதெல்லாம் பிளானை வடை இல்லாமல் படிக்கிறேன்.

போன மாதம் டிரைவர் பொண்டாட்டி லெட்சுமி அத்தையின் பேத்திக்குக் காதுகுத்து. அழைப்பிதழின் மேல் பேனாவால் எழுதியிருந்தார்: 'மாலதி (படிக்காம ஓகே சொன்னது)'. அவர்கள் பழக்கத்தில் மூன்று மாலதிகள் இருக்கிறார்களாம். அழைப்பிதழ் ஒரு குழப்பமும் இல்லாமல் என்னிடமே வந்து சேர்ந்தது.