கழுத்துக்கும் நெஞ்சுக்கும் நடுவே நான்கு விரற்கடை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளைக்கு மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே யாவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. நீங்களும் என் மகளும் நன்றாக இருங்கள்.

சனிக்கிழமையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்று என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்த ஒரு அம்மாவுக்குப் படிக்கிற கண்ணாடிக்குப் பதிலாகக் கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டேன். எல்லாம் உங்களால்தான். ரக்பி ஆட்டத்தில் சொந்த மச்சானுக்கே, என் சின்ன மகனுக்கே, சிவப்பு அட்டை காட்டி வெளியே அனுப்பிய நடுவர் வேறு யாராவது உண்டா? வர வேண்டிய நடுவர் காய்ச்சலில் படுத்ததும், "எங்க மாப்பிள்ளையக் கூப்பிடுங்க, விசில் ஊதப் படிச்சவர்" என்று சங்கத்தில் சிபாரிசு செய்தவனே நான்தான். என் வாயைத் தைக்க வேண்டும்.

சரி, சட்டப்படியே பேசுவோம். முதல் பாதியில் எதிரணியில் பீரோ மாதிரி இருந்த ஒருவன் நம் சின்னவனைத் தோளுக்கு மேலே கை போட்டு இழுத்துச் சாய்த்தான். அவனுக்கு மஞ்சள் அட்டை. பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி வந்தான். இரண்டாம் பாதியில் கோட்டோரமாகப் பந்தோடு ஓடிய ஒருவனைச் சின்னவன் அதே மாதிரி பிடித்தான். அவனுக்குச் சிவப்பு, ஆட்டம் முடியும்வரை வெளியே. மறுநாள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்? "மாமா, முதல்ல சின்னவன் சட்டுனு குனிஞ்சுட்டான், அதனால எதிராளி கை மேல போயிடுச்சு. அது மஞ்சள். ரெண்டாவதுல சின்னவன், நிமிர்ந்து ஓடினவன் கழுத்தையே பிடிச்சுட்டான். அது ஆபத்தான ஆட்டம்." குனிந்தால் மஞ்சள், நிமிர்ந்தால் சிவப்பா, இது என்ன கூத்து? உங்கள் கண்ணைக் குறை சொல்லலாம் என்றால் அதுக்கும் வழியில்லை. போன மாதம்தான் நானே சோதித்தேன். சுவரில் தொங்கும் அட்டையின் கடைசி வரியைக்கூட மூச்சு விடாமல் படித்தீர்கள். இனி எனக்கு எந்த அட்டையைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது.

மகளிடம் முறையிட்டேன். "அப்பா, கழுத்துன்னா கழுத்துதான். மச்சான்னு பார்க்காம ஊதினாரே, அதுக்கு நீங்க சந்தோஷப்படணும்" என்கிறாள். சின்னவனோ, "ஏன்டா கழுத்தப் பிடிச்ச?" என்று கேட்டால் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அறைக்குள் போய்விடுகிறான். இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தையைக்கூடக் கேட்டதில்லை, கேட்ட கேள்விக்குப் பதிலும் சொன்னதில்லை.

வியாழக்கிழமை சங்கத்தில் அவன் மேல் விசாரணை. தடை விழுந்தால் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம் போச்சு. மாநில அணிக்கு ஆள் எடுக்கும் தேர்வுக் குழு பார்க்க வருவது அந்த ஒரு ஆட்டத்தைத்தான். உங்கள் அறிக்கையில் 'கழுத்து' என்ற இடத்தில் 'நெஞ்சு' என்று எழுதிவிடுங்கள். நடுவே நான்கு விரற்கடைதான். பக்கத்துக் கடைக்காரர் எடுத்த வீடியோ வந்திருக்கிறது. பார்த்துவிட்டு அதையும் ஆதாரமாக அனுப்புகிறேன்.

நீங்கள் இருவரும் தொண்ணூறு வயதிலும் கண்ணாடி இல்லாமல் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
அதிர்ச்சி தெளியாத மாமனார்

பி.கு.: வீடியோ பார்த்தேன். படம் ஆடுகிறது, சத்தம் மட்டும் தெளிவாக இருக்கிறது. பந்தோடு அவன் கோட்டோரம் வரும்போது ஒரு கிழவன் தொண்டை கிழியக் கத்துகிறான்: "கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளுடா!" சின்னவன் குரல் வந்த பக்கம் ஒரு தடவை பார்க்கிறான். அப்புறம் அப்படியே செய்கிறான். கிழவன் போட்டிருப்பது என் சட்டை. கோட்டுக்கு வெளியே தள்ளினால் பந்து நமக்கு என்றுதான் சொன்னேன் மாப்பிள்ளை, கழுத்து சும்மா வாயில் வந்தது. பிறந்ததிலிருந்து முதல் முறையாக என் பேச்சைக் கேட்டிருக்கிறான் பாவி, அதை யாரிடமும் சொல்லாமலும் இருக்கிறான். உங்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டதாம், அறிக்கையில் அதை மட்டும் விட்டுவிட்டீர்களாம். மகள் இப்போதுதான் போனில் சொன்னாள். 'கழுத்து' என்றே இருக்கட்டும். கத்தியது யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். வியாழக்கிழமை அவனோடு நானும் வருகிறேன். வாயைத் திறக்கச் சொன்னால் மட்டும் திறப்பேன்.