வாசிக்காதவருக்கு ஒரு வயலின் ஒப்பந்தம்

மேல்வீட்டில் வயலின் மறுபடியும் அழ ஆரம்பித்தது. பேராசிரியர் பேனாவை வீசினார். ஒப்பந்தப் பொருளாதாரம் பற்றிய அவருடைய புத்தகம் இந்த மாதம் அச்சுக்குப் போயாக வேண்டும். கடைசி அத்தியாயம் நகர மறுத்தது.

"ஜன்னலைச் சாத்து!" என்று மனைவிக்குக் குரல் கொடுத்தார். பதில் இல்லை.

சத்தம் போட்டுச் சண்டைபிடிப்பது பாமரன் வேலை. பேரம் பேசி எழுதி வாங்குவதே அறிஞனுக்கு அழகு. மேல்வீட்டில் குடியிருக்கும் வீட்டுத் தரகரைக் கீழே வரவழைத்தார்.

"நீங்க சாயங்காலம் வயலின் வாசிக்கக் கூடாது. பதிலுக்கு என் கார் நிறுத்துற இடம் உங்களுக்கு."

தரகர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தொழில்புத்தி அதை மூடியது. "சார் சொன்னா சரிங்க." கையெழுத்துப் போட்டார்.

"பார்த்தியா? எதிராளி மனசுல ஒளிச்சு வச்சிருக்கறதை வெளிய இழுக்கறதுதான் என் சாஸ்திரம்!" என்றார் மனைவியிடம்.

"சாயங்காலம் மட்டும்தானா?" என்றாள் அவள்.

மறுநாள் காலையிலேயே வயலின் கிளம்பியது.

"ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டான் பயல்! விடுவேனா?"

காலையிலும் வாசிக்காமலிருக்க, மொட்டைமாடியில் துணி உலர்த்தும் தன் பங்கைக் கொடுத்தார். வயலின் மத்தியானத்துக்கு நகர்ந்தது. அதற்குச் சாமான் அறை போயிற்று. கார் தெருவில் நின்று காக்கை எச்சத்தில் குளித்தது. ஈரத் துணிகள் அவர் எழுதும் மேசைக்கு மேலே சொட்டின.

"போதுங்க, விட்டுடுங்களேன்," என்றாள் மனைவி.

"உயிரே போனாலும் உரிமையை விடமாட்டேன்!"

"அதைத்தான் நானும் சொல்றேன்," என்றாள்.

கடைசியாக, 'எந்த நேரத்திலும் வாசிக்கக் கூடாது' என்று இண்டு இடுக்கு விடாமல் எழுதினார். பால்கனியும் கைமாறியது. தானமாக வந்த மாட்டைத் தரகர் பல்லைப் பிடித்துப் பார்க்கவில்லை.

மை காய்வதற்குள் மேலே வயலின்!

"ஒப்பந்த மீறல்! இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு!" பேராசிரியர் காகிதக் கட்டோடு படியேறிக் கதவை இடித்தார். திறந்தது தரகரின் மனைவி.

"எங்கே உங்க வீட்டுக்காரர்?"

"அவர் கையெழுத்துப் போட்ட கையோட வெளியூர் கிளம்பிட்டாரு சார். அவருக்கு வயலினை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியாது. கீழ வாசிச்சா உடைப்பேன்னு நீங்க சொன்னதுலேர்ந்து, இங்க வந்து வாசிக்கறது உங்க வீட்டம்மாதான். அவங்ககிட்ட நீங்க கையெழுத்தே வாங்கலியே!"