ஹெல்முட் விற்ற தையல் மெசின்

மதிப்புக்குரிய நித்தியானந்தன் அத்தானுக்கு,

மச்சான் இராசலிங்கம் பணிவுடன் எழுதுவது. அக்காவின் முழங்கால் வலி தணிந்திருக்கும் என நம்புகிறோம். நாங்களும் சுகம் என்றுதான் எழுதவேண்டும். இங்கே நடப்பதைப் பார்த்தால் அப்படி எழுதக் கை வரவில்லை.

நான் ஓய்வு பெற்றபின் ஹம் நகரத்தை விட்டு இந்த ஜேர்மன் கிராமத்துக்கு வந்தது உங்களுக்குத் தெரியும். போன வெள்ளிக்கிழமை கதவைத் திறந்தால், பெருந்தெரு நெடுகிலும், அடுத்தடுத்த ஊர்கள் வரைக்கும், சனம் வீட்டுச் சாமான்களை வாசலில் பரப்பி வைத்திருக்கிறது. வருசா வருசம் மூன்று நாள் இப்படி விற்பார்களாம். ஆடாத கதிரை, ஓடுகிற சைக்கிள். நல்ல சாமானை ஒருவன் ஏன் விற்கவேண்டும்? ஒன்றில் களவெடுத்ததாக இருக்கவேண்டும், அல்லது ஊரே எங்கேயோ ஓடப்போகிறது, எங்களுக்கு மட்டும் சொல்லவில்லை. பாஸ்போட்டுகளை எடுத்துவைக்கச் சொல்லலாம் என்று மனுசியைத் தேடினால், சுந்தரேஸ்வரி பக்கத்து வீட்டு ஹெல்முட்டிடம் தையல் மெசின் வாங்கிக்கொண்டு நிற்கிறாள். ஒரு கோப்பித்தூள் பைக்கற்றின் விலைக்கு.

"தைச்சுப் பாத்திட்டுத்தான் வாங்கினனான். நல்லாய் ஓடுது" என்றாள்.

நல்லாய் ஓடுவதுதான் அத்தான் எனக்குப் பிடிக்கவில்லை. உள்ளே என்ன பழுதை மறைத்திருக்கிறார் என்று பார்க்க, அவள் கோயிலுக்குப் போன நேரம் மெசின் முழுவதையும் கழற்றினேன். ஒரு பழுதும் இல்லை. திரும்பப் பூட்டினேன். ஒரு திருகாணி மிஞ்சியது, அதைச் சேட்டுப் பையில் போட்டேன். மெசின் ஓடவில்லை. அவள் வருவதற்குள் விற்றுவிடுவோம் என்று, "நன்றாக ஓடும்" என எழுதி எங்கள் வாசலில் வைத்தேன். முதலாவதாக வந்தவர் ஹெல்முட்.

கனநேரம் அதன் சில்லைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு டொச் மொழியில் சொன்னார்: "இது செத்துப்போன என்ர மனுசியின்ர. உங்கட மனுசி தைப்பன் எண்டு சொன்னபடியால்தான் குடுத்தனான்."

அந்த நேரம் பார்த்து சுந்தரேஸ்வரியும் வந்து சேர்ந்தாள். நான் தெருவைப் பார்த்தேன். ஹெல்முட் வீட்டுக்குப் போனார். வழக்குப் போடத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவரோ திருத்துகிற ஆயுதப் பெட்டியோடு வந்து எங்கள் குசினி மேசையில் மெசினைப் பிரித்தார்.

"ஒரு ஆணி குறையுதே" என்றார்.

நான் சேட்டுப் பையைப் பொத்திக்கொண்டேன். சுந்தரேஸ்வரி அதற்குள் கையை விட்டு ஆணியை எடுத்துக் கொடுத்தாள். மெசின் ஓடியது. மனுசன் தேத்தண்ணி குடித்துவிட்டு, எதையோ கேட்க வாயெடுத்து, கேளாமலே போய்விட்டார். அதிலை என்னவோ இருக்குது அத்தான். இந்தச் சனத்துக்கு நடுவிலை இருக்க ஏலாது. தயவுசெய்து ஸ்டுட்கார்ட் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன வீடு பாருங்கோ.

அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. முருகன் உங்களைக் காப்பார். நீங்களும் கதவைப் பூட்டிவிட்டுப் படுங்கோ.

இப்படிக்கு,
இராசலிங்கம்

பி.கு: வீடு பார்க்கவேண்டாம். நான் நினைத்தது சரி, ஹெல்முட் ஒன்று கேட்கத்தான் வந்திருக்கிறார். மனைவி பாதியில் விட்டுப்போன யன்னல் சீலையை இன்று கொண்டுவந்தார். சுந்தரேஸ்வரி தைத்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்து பார்த்தார். நான்தான் ஏணியில் ஏறி அவருடைய யன்னலில் மாட்டிவிட்டேன். வருகிற வருச விற்பனைக்கு அவரும் நானும் ஒரே மேசை போடுகிறோம். அக்காவிடம் பழைய சாமான் இருந்தால் அனுப்புங்கோ. நல்ல சாமான் என்றால், ஏன் குடுக்கிறியள் என்று ஒரு துண்டில் எழுதி ஒட்டிவிடுங்கோ. இங்கத்தைச் சனம் சந்தேகப்படும்.